மேலாளர் மனதில் இருந்ததை நிரூபிக்க வேண்டுமா?

வேலையிடத்தில் பாகுபாட்டைச் சந்தித்தவர்களோடு பேசினால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கும். "அவர் வேண்டுமென்றேதான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே பலர் புகாரைக் கைவிடுகிறார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள், அப்புறம் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள். கிளம்பும் நாளில் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

அந்தத் தயக்கம் நியாயமானதுதான். பதவி உயர்வு இல்லை என்று சொல்லும் கடிதத்தில் "நீ பெண் என்பதால்" என்றோ "உன் மதம் இது என்பதால்" என்றோ எந்த மேலாளரும் எழுதப்போவதில்லை. "இந்த முறை போட்டி அதிகம்", "தலைமைப் பண்பு இன்னும் வளர வேண்டும்" என்றுதான் எழுதுவார். பல நேரம் அதை அவரே நம்பவும் செய்வார். தன் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாதபோது, ஒரு ஊழியர் வெளியிலிருந்து அதைத் தோண்டி எடுத்து நீதிமன்றத்தில் எப்படி வைக்க முடியும்?

சட்டமும் இந்தச் சிக்கலில் நெடுநாள் திணறியது. கடைசியில் அது பிடித்துக்கொண்ட வழி, நடந்ததைப் பார்ப்பது. யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அதற்கு நிர்வாகம் சொல்லும் காரணம் விசாரணையில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இந்த மாற்றம் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது நின்று கேட்டிருப்பார்கள் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா அநியாயமும் இதில் சேராது

முதலில் கசப்பான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலையிடத்தில் நடக்கும் எல்லா அநியாயத்தையும் சட்டம் பாகுபாடு என்று எடுத்துக்கொள்வதில்லை. மேலாளருக்கு உங்களைக் கண்டாலே ஆகவில்லை, கூடப் படித்த நண்பருக்கு நல்ல வேலைகளை ஒதுக்குகிறார், எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். இவையெல்லாம் தவறுதான். ஆனால் பாகுபாட்டு வழக்கு ஆக வேண்டுமென்றால், அந்த நடத்தைக்கும் சட்டம் பெயர் சொல்லிப் பாதுகாக்கும் ஓர் அடையாளத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

அந்த அடையாளங்கள் எவை? சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1958ல் கொண்டுவந்த 111ஆம் உடன்படிக்கை ஏழு அடிப்படைகளைச் சொல்கிறது: இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து, பூர்வீக நாடு, சமூகப் பின்புலம். சாதி இந்தக் கடைசி அடிப்படையின் கீழ்தான் பேசப்படுகிறது. இந்தியா இதை 1960ல் ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளின் சட்டங்களில் வயது, உடல்குறைபாடு, கர்ப்பம், பாலின அடையாளம், பாலியல் ஈர்ப்பு ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் இப்படி ஒன்பது. பட்டியல் முடிந்துபோன ஒன்று இல்லை. சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனது 2023ல்தான்.

அந்த 1958 உடன்படிக்கையின் வரையறையில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பிலும் நடத்தப்படும் விதத்திலும் சமத்துவத்தைக் கெடுக்கும் "விளைவு" உள்ள எந்த வேறுபாடும், ஒதுக்கலும், சலுகையும் பாகுபாடு என்கிறது அது. நோக்கம் என்ற சொல்லைத் தேடினால் அந்த வரையறையில் கிடைக்காது.

இன்னொரு கேள்வியையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது: என் வேலையிடம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது? அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி 15 ஊழியர்களுக்குக் குறைவான தனியார் நிறுவனங்களைத் தொடாது. வயதுப் பாகுபாட்டுக்கான 1967ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயது நிரம்பியவர்களைத்தான் காக்கிறது. இந்திய அரசமைப்பின் 16ஆம் பிரிவு தரும் சம வாய்ப்பு, அரசு வேலைக்கானது. தனியார் துறை முழுவதற்குமான ஒரே பாகுபாட்டுச் சட்டம் அங்கே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு 2016, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017, திருநர்களுக்கு 2019 என்று துண்டு துண்டாகச் சட்டங்கள் இருக்கின்றன. ஒப்பந்த முறையில், தனித்தொழில் செய்பவர் என்ற பெயரில் வேலை வாங்கப்படுகிறவர்கள் பல நாடுகளில் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பதே என் கருத்து. பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அது எட்டாமல் போகிறது.

நரிக்கும் கொக்குக்கும் ஒரே தட்டு

நோக்கத்திலிருந்து விளைவுக்குச் சட்டம் எப்படி நகர்ந்தது என்பதற்கு 1971ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் அனல்மின் நிலையம். ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவருக்கு "கூலிப் பிரிவில்" மட்டுமே வேலை. அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. 1965 ஜூலை 2ல் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் ஒரு புது விதி போட்டது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர, பள்ளிப் படிப்பை முடித்திருப்பதோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும்.

விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண். ஆனால் நிறத்தின் பேரில் பிரித்துவைக்கப்பட்ட பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தரம் குறைந்த படிப்பையே பெற்ற கறுப்பினத்தவரை அந்த விதி பெருவாரியாக வாசலில் நிறுத்தியது. சரி, அந்த வேலைகளுக்கு அந்தப் படிப்பாவது தேவைப்பட்டதா? பள்ளி முடிக்காத வெள்ளையர்கள் விதி வருவதற்கு முன்பே சேர்ந்து, அந்த வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய தோழர்களும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில், கெட்ட நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதே அவர்களுக்குத் தடையாக இருந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பில் நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்ட கதையைத்தான் எடுத்தார்: நரிக்கும் கொக்குக்கும் பாலை ஒரே பாத்திரத்தில் வைத்துவிட்டு இருவருக்கும் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. குடிக்கிறவரின் வாய்க்குப் பாத்திரம் பொருந்த வேண்டும். தோற்றத்தில் சமமாக இருந்து நடப்பில் ஒதுக்கும் விதிகளும் சட்டத்துக்கு எதிரானவை, அந்த விதி வேலைக்கு உண்மையில் அவசியம் என்று நிறுவனம் காட்டினால் தவிர.

இதைத்தான் இன்று மறைமுகப் பாகுபாடு என்கிறோம். இந்தக் கோட்பாட்டின் உயிர் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. விதி வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை. விதி எதற்கு என்று கேட்கிறது.

கனடாவில் 1999ல் வந்த ஒரு தீர்ப்பு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் வேலை செய்த ஒரு பெண். அரசு புதிதாக உடற்தகுதித் தேர்வுகளைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று, 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றார், 49.4 வினாடி கூடுதலாக ஆனது. வேலை போயிற்று. ஆண்களில் 65 முதல் 70 சதவீதம் பேர் முதல் முயற்சிகளிலேயே தேறிய அந்தத் தேர்வுகளில், பெண்களில் 35 சதவீதம் பேரே தேறினார்கள்.

கனடா உச்ச நீதிமன்றம் கேட்டது எளிமையான கேள்வி. அந்த 49.4 வினாடிக்கும் தீயைப் பாதுகாப்பாக அணைப்பதற்கும் என்ன தொடர்பு? அந்த அளவு ஓட்டத்திறன் இல்லாதவரால் வேலையைச் செய்ய முடியாது என்பதற்கு அரசிடம் உருப்படியான ஆதாரம் இல்லை. அவர் மூன்று ஆண்டுகள் செய்து காட்டியிருந்தார். மீண்டும் வேலையில் சேர்க்கவும், இழந்த சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவானது. அந்தத் தேர்வை வடிவமைத்தவர்களுக்குப் பெண்கள்மேல் வெறுப்பு இருந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை.

சில நேரம் நிறுவனம் சொல்லும் காரணம் வெளிப்பார்வைக்கு வலுவாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் அரசு விமான நிறுவனம், விமானப் பணியாளராகத் தேர்வான ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலையை மறுத்தது. தடுப்பூசி போட முடியாது, பயணிகளுக்கு ஆபத்து, போட்டி நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன என்று அடுக்கியது. மருத்துவச் சான்றுகள் அந்தக் காரணங்களைத் தாங்கவில்லை. 2000ல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. மற்றவர்களின் தப்பெண்ணம் வியாபாரத்தைப் பாதிக்கும் என்பது பாகுபாட்டுக்கு ஒருநாளும் நியாயம் ஆகாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று சொல்லி ஆட்களை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பின்வரிசையில் ஒளித்துவைக்கும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதே பாகுபாடாகிவிடும் இன்னொரு இடமும் உண்டு. பார்வைக்குறைபாடு உள்ள ஊழியருக்குத் திரைவாசிப்பு மென்பொருள், முதுகுவலி உள்ளவருக்கு வேறு நாற்காலி, டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஷிப்ட் மாற்றம். இப்படி நியாயமான ஏற்பாட்டைச் செய்துதர மறுப்பதையே பாகுபாடு என்று ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையும் இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுக்கின்றன. அளவுக்கு மீறிய சுமை என்று காட்டினால் மட்டுமே நிறுவனம் விலக முடியும். ஆனால் கேட்க வேண்டியது ஊழியர்தான். எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காத ஏற்பாட்டைத் தரவில்லை என்று வழக்காடுவது கடினம்.

பந்து யார் பக்கம்?

விதிகள் வழியாக வரும் பாகுபாடு இப்படி. ஒரு தனி ஆளைக் குறிவைத்து நேரடியாக நடக்கும் பாகுபாட்டில்தான் "எப்படி நிரூபிப்பேன்" என்ற கேள்வி முழு பாரத்தோடு வந்து உட்காரும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் பிரிவு அதிகாரி. நான்கு வருட மதிப்பீட்டிலும் "எதிர்பார்ப்புக்கு மேல்". பேறுகால விடுப்பு முடிந்து திரும்புகிறார். வந்த மூன்றாம் மாதம் நடந்த மதிப்பீட்டில் "ஈடுபாடு குறைந்துள்ளது" என்று ஒரு வரி. அவர் பயிற்சி கொடுத்து வளர்த்த இரண்டு ஆண்களுக்குப் பதவி உயர்வு. மேலாளரிடம் போய்க் கேட்டால், "உன் கவனம் இப்போது வீட்டில்தானே இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எச்.ஆர்.இடம் கேட்டால் இந்த ஆண்டு பட்ஜெட் இல்லை என்கிறார்கள். எழுத்தில் கேட்டபோது, மென்பொருள் தேர்ச்சி போதவில்லை என்று பதில் வருகிறது.

இதில் எங்கும் "பிள்ளை பெற்றதால் உனக்கு இல்லை" என்ற வாக்கியம் கிடையாது. தேவையும் இல்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் 1973ல் உருவான ஒரு மூன்று படி முறையில் இதைப் பார்க்கும். முதலில் ஊழியர் ஒரு மேலோட்டமான படத்தைக் காட்ட வேண்டும்: எனக்குத் தகுதி இருந்தது, கிடைக்கவில்லை, என் அடையாளம் இல்லாத, என்னைவிடத் தகுதி அதிகமில்லாத ஒருவருக்குக் கிடைத்தது. உடனே பந்து நிறுவனத்தின் பக்கம் போகும், அது ஒரு நியாயமான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பிறகு அந்தக் காரணம் சாக்குதான் என்று காட்டும் வாய்ப்பு ஊழியருக்கு வரும். நம் உதாரணத்தில் மூன்று முறை கேட்டதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையான காரணம் என்றால் ஒன்றாக இருந்திருக்கும். மாறிக்கொண்டே போகும் காரணம் நீதிமன்றத்தில் ஊழியருக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சிகளில் ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று ஊகிக்கப் போதுமான உண்மைகளை ஊழியர் வைத்துவிட்டால், பாகுபாடு நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பே நிறுவனத்தின் மேல் விழுந்துவிடும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே முறைதான். காரணம் நியாயமானது. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்த அடிப்படையில் தேர்வானார் என்ற ஆவணங்கள் எல்லாம் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கின்றன. சாவி வைத்திருப்பவர்தானே கதவைத் திறந்துகாட்ட வேண்டும்?

வாய்தவறி வரும் வார்த்தைகளுக்கும் எடை உண்டு. அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் ஆகும் போட்டியில் இருந்த 88 பேரில் ஒரே பெண். பல கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவருவதில் முக்கியப் பங்கு அவருடையது. அவருடைய பெயரைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை வாய்ப்புக் கூட வேண்டுமானால் பெண்மையோடு நடக்க வேண்டும், பேச வேண்டும், உடுத்த வேண்டும், ஒப்பனை செய்ய வேண்டும், நகை அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை வந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். 1989ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவுரையையே பாலினப் பாகுபாட்டின் சான்றாக எடுத்துக்கொண்டது. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சில் ஊழியரை வார்த்துப் பார்ப்பதும் பாகுபாடுதான்.

புகார் கொடுத்த பிறகு நடப்பது

என்னைக் கேட்டால், இந்தச் சட்டங்களிலேயே ஊழியர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பைத்தான். அமெரிக்காவின் சமவேலைவாய்ப்பு ஆணையத்தில் பல ஆண்டுகளாக மற்ற எல்லா வகையையும்விட அதிகமாகப் பதிவாகும் புகார் இதுதான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. பாகுபாட்டை மறைக்கத் தெரிந்த நிர்வாகங்களுக்குக்கூட, புகார் வந்ததும் எழும் கோபத்தை மறைக்கத் தெரிவதில்லை.

முக்கியமான நுணுக்கம் இது. முதல் புகார் நிரூபணமாகாமல் போனாலும் பழிவாங்கல் வழக்கு நிற்கலாம். நல்லெண்ணத்தோடு, பாகுபாடு நடந்ததாக நியாயமாக நம்பிப் புகார் கொடுத்திருந்தால் போதும். சாட்சி சொன்ன சக ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

வேலையைவிட்டுத் தூக்கினால்தான் பழிவாங்கல் என்பதும் இல்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ரயில்வே யார்டில் ஃபோர்க்லிப்ட் ஓட்டிய ஒரு பெண், மேற்பார்வையாளரின் பாலினப் பேச்சுகளைப் பற்றிப் புகார் கொடுத்தார். மேற்பார்வையாளருக்குத் தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்த பெண்ணையோ ஃபோர்க்லிப்டிலிருந்து இறக்கித் தண்டவாளப் பராமரிப்புக் கூலி வேலைக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் ஒரே பதவிப் பெயர், ஒரே சம்பளம். ஆனால் ஒன்று இயந்திரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை, இன்னொன்று அழுக்கிலும் வெயிலிலும் உடம்பை முறிக்கும் வேலை. பிறகு 37 நாள் சம்பளமில்லாத இடைநீக்கம். அந்தச் சம்பளத்தைத்தான் பின்னால் கொடுத்துவிட்டோமே என்றது நிறுவனம். 2006ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த 37 நாளும் சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் அந்தக் குடும்பம் இருந்ததை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு சாதாரண ஊழியரைப் புகார் கொடுக்கவிடாமல் தயங்கவைக்கக்கூடிய எந்த நடவடிக்கையும் பழிவாங்கல்தான் என்று அளவுகோல் வைத்தது.

பழிவாங்கலை நிரூபிக்கத் தேதிகள் பெரிய துணை. எட்டு வருடம் ஒரு மெமோகூட வராத ஊழியருக்குப் புகார் கொடுத்த இரண்டாம் வாரம் மூன்று மெமோ வந்தால், அந்த நாள்காட்டியே பேசும். அதனால்தான் புகாரை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தக் கூடாது. மின்னஞ்சலில் எழுதுங்கள். அதில் "பாகுபாடு" என்ற சொல்லும், எந்த அடையாளத்தின் பேரில் என்பதும் தெளிவாக இருக்கட்டும். "என்னைச் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் எழுதினால், இது பாகுபாட்டுப் புகார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று பின்னால் சொல்வார்கள்.

குறிப்பு எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "மேலாளர் எப்போதும் என்னை அவமானப்படுத்துவார்" என்பது வருத்தம், அது சான்று ஆகாது. "செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக் கூட்டத்தில், நான் அறிக்கையைத் தொடங்கியதும், 'இதெல்லாம் இவருக்கு எதற்கு, வயதாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டும்' என்றார். கூட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள்" என்று, அந்த நால்வரின் பெயரோடு அன்றைக்கே எழுதிவைத்தால் அது சான்று. சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. அலுவலகக் கணினியில் வைக்கவும் கூடாது, வேலை போகும் நாளில் அதுவும் பூட்டப்பட்டுவிடும். அதற்காக நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வருவதும் தவறு. உங்கள் மேலேயே நடவடிக்கை எடுக்க அது வழிவகுக்கும். உங்களுக்கு வந்த கடிதங்கள், உங்கள் மதிப்பீடுகள், உங்கள் சம்பளச் சீட்டுகள் போதும்.

கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசிவிடுங்கள். நானே போனேன் என்பதும், போகும்படி தள்ளப்பட்டேன் என்பதும் சட்டத்தில் வேறு வேறு. இரண்டாவதை நிரூபிப்பது பெரும்பாடு.

180 நாள்

இவ்வளவு சரியாகச் செய்தும் ஒரே ஒரு விஷயத்தில் வழக்குகள் செத்துப்போகின்றன: காலவரம்பு. அமெரிக்காவில் ஆணையத்திடம் போக 180 நாள், பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அமைப்பும் இருந்தால் 300 நாள். இந்தியாவில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்காக இந்தக் கடிகாரம் பெரும்பாலும் நிற்பதில்லை. நிறுவனம் இதோ பார்க்கிறோம், அதோ பார்க்கிறோம் என்று இழுத்தடிக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

லில்லி லெட்பெட்டர் கதை இங்கேதான் வருகிறது. அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர். மேற்பார்வையாளர்களில் கடைசியில் அவர் ஒருவர் மட்டுமே பெண். ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. அதே வேலை செய்த ஆண்களின் சம்பளம் அதில் இருந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. அதிகம் வாங்கியவருக்கு 5,236. ஓவர்டைம், சேமிப்பு, ஓய்வூதியம் எல்லாம் இந்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருந்தன. வித்தியாசம் சாகும்வரை தொடரும்.

கீழ் நீதிமன்றத்தில் நடுவர் குழு (ஜூரி) அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2007ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தோற்றார். பாகுபாடு நடக்கவில்லை என்பது காரணம் இல்லை. சம்பளத்தைக் குறைத்து முடிவெடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். தனக்குத் தெரியவே தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அதை நீதிமன்றத்தில் வாய்விட்டுப் படித்தார். சம்பளப் பாகுபாடு சிறு சிறு துளியாகச் சேர்வது, சக ஊழியரின் சம்பளம் கண்ணுக்குத் தெரியாதது, இதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம் என்று சொன்னார்.

திருத்தியது. 2009 ஜனவரி 29ல் லெட்பெட்டர் பெயரிலேயே சட்டம் வந்தது. குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சம்பளமும் ஒரு புதுப் பாகுபாடு, ஒவ்வொரு முறையும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும் என்றது அந்தச் சட்டம். அதனால் அவருக்கு எந்தப் பணமும் திரும்பி வரவில்லை, அவருடைய வழக்கு முடிந்துபோயிருந்தது. 2024 அக்டோபரில், 86 வயதில் அவர் காலமானார்.

சம்பள விவரம் நிறுவனத்தின் அலமாரிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும் வரை இந்தக் கதை வேறு வேறு பெயர்களில் திரும்ப நடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை ஆணை அந்தப் பூட்டில் கைவைக்கிறது. 2026 ஜூன் 7க்குள் உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு. வேலை தேடி வருகிறவரிடம் பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. ஒரே வேலையோ, சம மதிப்புள்ள வேலையோ செய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரியாக எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எந்த ஊழியரும் எழுதிக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.